நகராத சரக்கு

திண்டிவனம்
9-6-2025, திங்கள்

தலைமை அலுவலக அறிக்கைப் பிரிவின் மேலாளர், மரியாதைக்குரிய வெண்ணிலா மேடம் அவர்களுக்கு,

திண்டிவனம் கிளை மருந்தாளுநர் திருமுருகன் எழுதுகிறேன். பதினொரு நாளாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. ஆபீஸ் மெயிலில் எழுதலாமென்றால், எதை எழுதினாலும் மென்பொருள் விற்ற சென்னை பிரவீன்குமாருக்கு ஒரு நகல் தானாகப் போகிறது. அந்த ஆள் என் வருத்தத்தைப் படித்துச் சிரிக்க வேண்டாம் என்றுதான் காஜா மொய்தீன் பாயின் மருந்து வண்டியில் இதை அனுப்புகிறேன். திங்களும் வியாழனும் வண்டி வருகிறது. பதில் எழுத மனசிருந்தால் அவரிடமே கொடுங்கள்.

அன்றைக்கு விழுப்புரத்தில் நடந்த பயிற்சியை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. நம் டிரஸ்டின் ஐந்து ஆஸ்பத்திரிகளின் விவரங்களையும் ஒரே இடத்தில் கொட்டி, படம் படமாகக் காட்டும் ரெடிமேட் மென்பொருளாம். ஐம்பத்திரண்டு அறிக்கைகள் ஏற்கெனவே செய்து வைத்தாயிற்றாம். நாம் செய்ய வேண்டியது நம் கணினியில் இருப்பதை அதற்குள் ஊற்றுவது மட்டும்தானாம். சர்க்கரை நோயில் கால் அழுகி வந்து படுத்திருப்பவரை பயிற்சி கொடுத்த அந்தப் பிரவீன்குமார் பையன் 'கஸ்டமர்' என்றான். அவர் பத்து நாள் படுத்தால் திரையில் சிவப்பு, நான்கு நாளில் அனுப்பிவிட்டால் பச்சை. "எங்க வழக்கம் வேற சார்" என்று நான் எழுந்து சொன்னதற்கு, "உலகம் பூரா இப்டித்தான் பண்றாங்க, நீங்கதான் மாறணும்" என்றான். அவனை விடுங்கள். நீங்கள் சொன்னீர்களே, "திண்டிவனம் எப்பவும் இப்டித்தான், எல்லாத்துக்கும் ஒரு நோட்டு வெச்சிக்கினு ஒக்காந்திருப்பாங்க" என்று. மொத்தக் கூட்டமும் சிரித்தது.

நான் பதிலுக்குச் சொன்னதும் தப்புதான். "என்கூட ஆறு வருஷம் குப்பி எண்ணிக்கினு இருந்தவங்க இன்னிக்கி படம் காட்ட வந்துட்டாங்க" என்றிருக்கக் கூடாது. ஆனால் முதலில் ஆரம்பித்தது நீங்கள்.

நீங்கள் கேட்ட பதினான்கு பக்கப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 'கிளையின் தனி வழக்கங்கள் இருந்தால் விவரிக்கவும்' என்ற கடைசிக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறேன். உலகம் பூரா செய்வது போலவே நாங்களும் செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
திருமுருகன்


விழுப்புரம்
12-6-2025, வியாழன்

திருமுருகன் சாருக்கு,

படிவம் வந்து சேர்ந்தது. நீங்கள் எழுதியதை எழுதியபடியே ஏற்றிவிட்டேன். 'ஒன்றுமில்லை' என்பதையும்தான்.

குப்பி எண்ணியது எனக்கு அவமானம் இல்லை. அதை நாற்பது பேர் நடுவில் என் முகத்தில் வீசியதுதான் அவமானம். பிரவீன்குமார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூட்டம் முடிந்ததும் காணை கிளைக்காரர் ஒருவர் என்னிடமே வந்து, "நீங்க பார்மசியில இருந்தவங்களா மேடம், தெரியவே தெரியாதே" என்று இளித்தார். உங்கள் போனை நான் எதற்கு எடுக்க வேண்டும்?

இந்த மென்பொருளை நான் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? போன வருடம் அனந்தபுரம் கிளை ஃபிரிட்ஜைத் திறந்தேன். காலாவதியான இன்சுலின் இரண்டு பெட்டி. அதே வாரம் காணை கிளையில் இன்சுலின் இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டருக்குள் ஓர் இடத்தில் மருந்து கெட்டுப்போகிறது, இன்னோர் இடத்தில் மனிதர் திரும்பிப் போகிறார். அந்த ஃபிரிட்ஜ் நாற்றம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. உங்கள் நோட்டும் அவர்கள் நோட்டும் ஒன்றோடொன்று பேசியிருந்தால் இது நடக்குமா?

எதையும் மாற்றாமல், வந்தபடியே இந்த மென்பொருளைப் பொருத்தி முடிப்பதாக நிர்வாகக் குழுவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாற்ற ஆரம்பித்தால் ஐந்து கிளையும் ஐந்து விதமாக இழுக்கும், வருடக்கணக்கில் முடியாது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்காமலே இருந்துகொள்ளுங்கள்.

வெண்ணிலா


திண்டிவனம்
4-8-2025, திங்கள்

வெண்ணிலா மேடத்துக்கு,

சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. 'நகராத சரக்கு' என்று தலைப்பு. தொண்ணூறு நாளாக ஒன்றுகூட விற்காத மருந்துகளையெல்லாம் கட்டி விழுப்புரம் கிடங்குக்கு அனுப்ப வேண்டுமாம். முதல் வரியில் என்ன இருந்தது தெரியுமா? பாம்புக்கடி ஊசி மருந்து, நாற்பது குப்பி. விற்பனை பூஜ்யம். சிவப்புக் கட்டம் போட்டு அடிக்கோடு வேறு.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அருவருப்பாகிவிட்டது. விற்பனை பூஜ்யமாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்? பாம்பு கடித்து வருபவரிடம் முதலில் காசைப் பற்றிப் பேசவே கூடாது என்று, டிரஸ்டை ஆரம்பித்த டாக்டரம்மா போட்ட வழக்கம் இது. இருதயமேரி சிஸ்டர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஏற்றிவிடுவார். காலிக் குப்பிகளை நாம் பெட்டியில் போட்டு அனுப்புவோம். அதே எண்ணிக்கையில் விழுப்புரத்திலிருந்து புதுக் குப்பி வரும். பில் கிடையாது, கணினியில் 'மாற்று' என்று ஒரு வரி மட்டும். போன வருடம் பத்தொன்பது பேருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு குப்பி போட்டோம். என் நோட்டில் பெயரோடு இருக்கிறது. உங்கள் ஐம்பத்திரண்டு அறிக்கையில் ஒன்றுக்குக்கூட அது கண்ணில் படவில்லை.

அப்படியும் கட்டி அனுப்பிவிட்டேன். ஐஸ் பெட்டியில் நாற்பதும், என் கையெழுத்தோடு. உத்தரவு உத்தரவுதானே? இருதயமேரி சிஸ்டர் ஃபிரிட்ஜைத் தொட விடாமல் மறித்துக்கொண்டு நின்றார். "இன்னா சார் பண்றீங்க? மழை பேஞ்சிக்கினு இருக்குது, மல்லாட்டை பூ வுட்டுடுச்சி. புரட்டாசியில கடலை பிடுங்க எறங்குவாங்க, பாம்பு கடிச்சி வருவாங்க, அப்ப நான் எதை ஏத்தறது, தண்ணியவா?" என்று கேட்டார். "மேடத்தைக் கேளுங்க" என்றேன்.

சிஸ்டர் கேட்டதை உங்களிடம் சேர்த்துவிட்டேன். குறைந்தது இருபது குப்பியாவது புரட்டாசிக்குள் திரும்பி வர வேண்டும்.

திருமுருகன்


விழுப்புரம்
7-8-2025, வியாழன்

திருமுருகன் சாருக்கு,

நாற்பதும் கிடங்கில் இறங்கிவிட்டன. என்னால் இப்போது எடுத்து அனுப்ப முடியாது. ஒரு கிளைக்கு எவ்வளவு இருப்பு வேண்டும் என்பதை மென்பொருள் அதன் முந்தைய பயன்பாட்டை வைத்துத்தான் சொல்கிறது. உங்கள் பயன்பாடு பூஜ்யம் என்றிருப்பதால் தேவையும் பூஜ்யம். பிரவீன்குமாரிடம் கேட்டேன். "சாப்ட்வேர் கோர்ல கை வெச்சா வாரன்ட்டி போயிடும் மேடம், கமிட்டில போட்டு வாங்குங்க" என்கிறார்.

ஒரு வழி இருக்கிறது. உங்கள் நோட்டில் உள்ள இரண்டு வருட விவரத்தைத் திரையில் உள்ள பழைய பயன்பாட்டுப் படிவத்தில் ஏற்றுங்கள். நாற்பது ஐம்பது வரிதான் இருக்கும், ஒரு மத்தியான வேலை. ஏற்றிவிட்டால் மறுநாளே மென்பொருள் தானாகவே உங்களுக்குக் குப்பி ஒதுக்கிவிடும்.

இதை ஜூன் மாதம் அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. வேண்டுமென்றே எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

வெண்ணிலா


திண்டிவனம்
1-9-2025, திங்கள்

மேடம்,

ஏற்ற மாட்டேன்.

பதினாறு வருடமாக ஒரு வரி விடாமல் நோட்டு எழுதுகிறேன். அதைக் கூட்டத்தில் கேலி செய்தீர்கள். இப்போது அதே நோட்டைப் பிரித்து உங்கள் எந்திரத்துக்கு ஊட்டிவிட வேண்டுமா? 'மாற்று' என்ற வரிகள் உங்கள் கிடங்குக்குள் ஏற்கெனவே வந்துதானே இருக்கின்றன? அவை எங்கே போய் விழுந்தன என்று நீங்கள் தேடுங்கள். புத்திசாலி மென்பொருள் என்று விற்றவன் தேடட்டும்.

போன வாரம் ஒரு பையனைப் பாம்பு கடித்துத் தூக்கி வந்தார்கள். முதலுதவி செய்து பத்து கிலோமீட்டரில் டவுனுக்குள் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டான். உங்கள் திரையில் அது எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தேன். அவன் அரை மணி நேரத்தில் போய்விட்டதால் 'சராசரி படுக்கை நாள்' குறைந்து எங்கள் கிளை பச்சையாகிவிட்டது. எங்கள் கிளை நிர்வாகி அதைக் காட்டி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

புரட்டாசி பிறக்கப் பதினைந்து நாள்தான் இருக்கிறது. குப்பி வரவில்லை என்றால் பொறுப்பு உங்களுடையது.

திருமுருகன்


விழுப்புரம்
25-9-2025, வியாழன்

கமிட்டி ஆயுத பூஜை விடுமுறைக்காகத் தள்ளிப்போயிருக்கிறது. அக்டோபர் பத்தாம் தேதி கூடுகிறது. பட்டியலில் உங்கள் கோரிக்கை ஏழாவதாக இருக்கிறது.

அதற்குள் நோட்டை ஏற்றினால் ஏற்றுங்கள். நான் மூன்றாவது தடவை கேட்க மாட்டேன்.

வெ.


திண்டிவனம்
6-10-2025, திங்கள்

வெண்ணிலா,

சனிக்கிழமை காலையில் கெங்கம்மாள் என்று ஒரு பெண் இறந்துபோனார். நாற்பத்தொரு வயது. வந்தவாசி ரோட்டில் நம் கிளையிலிருந்து நான்காவது ஊர். சொந்த நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வலது கை விரலில் நல்ல பாம்பு கடித்திருக்கிறது. புருஷன் அப்பாதுரை டூவீலரில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் பக்கத்து நிலத்துக்காரர் பிடித்துக்கொள்ள, ஏழு இருபதுக்கெல்லாம் கொண்டுவந்துவிட்டார். அவர் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. மந்திரிக்கிறேன், கட்டுகிறேன் என்று எங்கேயும் போகவில்லை. "போன வருசம் எங்க பங்காளி பையன இங்கதான் காப்பாத்தினாங்க, அதான் நேரா இங்க இட்டாந்தேன்" என்றார்.

அந்தப் பெண் நடந்துதான் உள்ளே வந்தார். "கண்ணு சொருவுது சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்றார். இருதயமேரி சிஸ்டர் பழக்கத்தில் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். தட்டு காலியாக இருந்தது. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார்.

விழுப்புரம் கிடங்குக்குப் போன் போட்டேன். நடராசன்தான் எடுத்தார். "திரையில ரிக்வெஸ்ட் நம்பர் விழுந்தாதான் சார் லாக்கர் தொறக்கும், நான் இன்னா பண்றது?" என்று பதறினார். பூட்டை உடைத்தாவது எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். வந்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அந்தப் பெண்ணால் எச்சில் விழுங்க முடியவில்லை. டாக்டர் குழாய் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சிஸ்டர் ஆம்புலன்ஸில் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே போனார். வழியிலேயே இதயம் நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்கள் அரை மணி நேரம் போராடியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. உங்களைத் திட்டித்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், இரண்டு தடவை கிழித்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து அந்த நோட்டைத் திரையில் ஏற்றினேன். மொத்தம் நாற்பத்தேழு வரி. ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜூன் மாதம் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கலாம். உங்கள் மென்பொருள் கவிழ வேண்டும், நீங்கள் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் நாற்பது குப்பியையும் கட்டினேன். இதுதான் உண்மை.

திருமுருகன்


விழுப்புரம்
9-10-2025, வியாழன்

திருமுருகன் சார்,

திங்கட்கிழமை காஜா பாய் கடிதத்தைக் கொடுத்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். மேசைக்கடியில் வைத்துப் படித்தேன். எதிரே சுவரில் திண்டிவனத்தின் படம் ஓடிக்கொண்டிருந்தது. 'பாம்புக்கடி இறப்பு: பூஜ்யம்.' பச்சை. நம் கட்டடத்துக்குள் இறந்தால்தான் அந்த அறிக்கைக்கு அது இறப்பு. கெங்கம்மாள் உயிரோடு வெளியே போனவர், அதனால் அவர் 'பரிந்துரைத்து அனுப்பப்பட்டவர்'. பிரவீன்குமார் என் பக்கம் சாய்ந்து, "மேடம், திண்டிவனத்தை சக்சஸ் ஸ்டோரியா போட்டுடலாம். தேங்கின சரக்கு பாதியா கொறஞ்சிருக்கு, டெத் ஜீரோ. அடுத்த கஸ்டமருக்குக் காட்ட சூப்பரா இருக்கும்" என்றார். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன்.

நீங்கள் உங்களை மட்டும் திட்டிக்கொள்கிறீர்கள். எனக்கு அந்த வசதியைக் கொடுக்காதீர்கள். ஆறு வருடம் உங்களோடு காலிக் குப்பியைப் பெட்டியில் போட்டு 'மாற்று' என்று சீட்டு ஒட்டியவள் நான்தான். அந்த வழக்கத்தை நீங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஜூன் மாதமே பார்த்துவிட்டேன். எந்த அறிக்கையிலும் சேராத வரிகளை மென்பொருள் 'மற்றவை' என்று ஓர் இடத்தில் ஒதுக்கும். திண்டிவனத்திலிருந்து வந்த 'மாற்று' வரிகள் அத்தனையும் அங்கே கிடந்தன. 'மாற்று என்றால் பயன்பாடு' என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினால் அது ஒரு மாற்றமாகக் கணக்காகும். மாற்றமே இல்லாமல் முடித்துக் காட்டுகிறேன் என்று நான் சொல்லியிருந்தேனே, அந்தப் பூஜ்யம் கெட்டுப்போகும். அதோடு, நீங்கள் 'ஒன்றுமில்லை' என்று எழுதிய கையெழுத்து என்னிடம் இருந்தது. வினை வந்தால் அதை நீட்டலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். என்ன கேவலமான மனசு பாருங்கள்.

அந்த ஒரு வரியைச் செவ்வாய்க்கிழமை எழுதிவிட்டேன். பத்து நிமிடம் ஆனது. யாரிடமும் கேட்கவில்லை, வாரன்ட்டியும் எங்கும் போய்விடவில்லை. இறப்பு அறிக்கையையும் மாற்றினேன். அனுப்பிய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இறந்தவர்களும் இனி நம் கணக்கில்தான். திண்டிவனம் இப்போது சிவப்பாக இருக்கிறது. பிரவீன்குமார் நான்கு தடவை போன் செய்துவிட்டார்.

நாற்பது குப்பியும் இந்த வண்டியிலேயே வருகிறது. மேலே சொன்னதையெல்லாம் தலைமை நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக்குக் கமிட்டியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை போனால் போகட்டும்.

அப்பாதுரையிடம் யாராவது சொன்னார்களா?

வெண்ணிலா


திண்டிவனம்
13-10-2025, திங்கள்

வெண்ணிலா,

குப்பி வந்தது. வெள்ளிக்கிழமையே இருவருக்குப் போட்டோம், இருவரும் நன்றாக இருக்கிறார்கள். என் வாக்குமூலத்தையும் நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'ஒன்றுமில்லை' என்று ஏன் எழுதினேன் என்பதும் அதில் இருக்கிறது.

அப்பாதுரையிடம் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவரே வந்தார். இறப்புச் சான்றிதழுக்கு நம் ஆஸ்பத்திரியின் பரிந்துரைச் சீட்டு ஒரு நகல் வேண்டுமாம். தலை மழித்திருந்தார். கையில் ஒரு பை பச்சை மல்லாட்டை. அதை என் மேசைமேல் வைத்து, "அன்னிக்கி நீங்க போனை வெச்சிக்கினு இங்கயும் அங்கயும் ஓடினீங்க சார், பாத்தேன். அவ புடுங்கிப் போட்டது, எடுத்துக்கங்க" என்றார்.

நான் பையைத் தொடவில்லை. உட்காரச் சொன்னேன். "மருந்து இங்கதான் இருந்திச்சி. ஆகஸ்ட்ல நான்தான் கட்டி விழுப்புரம் அனுப்பினேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மென்பொருள், படிவம், கூட்டத்தில் நடந்த சண்டை, நீங்கள், நான். சிவப்பு, பச்சை என்பதெல்லாம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"தப்புன்னு தெரிஞ்சி எத்தினி நாளு இருந்திச்சி?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"அவங்களுக்கு லெட்டர் எழுதிக்கினு இருந்தேங்க. அவங்களும் எழுதினாங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. என் முகத்தையும் மேசைமேல் இருந்த செல்போனையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரியாததை விசாரிப்பதுபோல்தான் கேட்டார்.

"லெட்டரா? யாரும் நேர்ல போயி எடுத்தாரலியா சார்? ஒரு மணி நேரம்தான?"

சீட்டின் நகலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேசைமேல் வைத்த மல்லாட்டைப் பையைத் திரும்ப எடுத்தார். "இத அந்த நர்ஸம்மாகிட்ட குடுத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வார்டு பக்கம் நடந்தார்.

திருமுருகன்